கவுன்டருக்கு இந்தப் பக்கம்

மூன்றாம் ஆண்டு மாணவியான நான், கடந்த திங்கட்கிழமை முதல் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்து வருகிறேன். இரண்டு ஆண்டுகள் வரிசையில் நின்றவள் இப்போது கவுன்டருக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் கருத்துச் சொல்வது அவசரம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று உறுத்துவது பழகிய பின் உறுத்தாமல் போய்விடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

இன்டர்னாக வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது விழா ஏற்பாடு, சுவரொட்டி, புகைப்படம் போன்ற வேலைகள்தான். அவையும் தேவையான வேலைகளே. ஆயினும் அவர்களை முதல் வாரத்திலேயே, அனுபவமுள்ள ஓர் அலுவலரின் பக்கத்தில், கவுன்டரில் அமர்த்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

புதன்கிழமை முதலாண்டு மாணவர் ஒருவர் கட்டணம் செலுத்த அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தை வாங்கினார். அதில் ‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றரை வரிக்குத்தான் இடம் இருக்கிறது. ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியவர், பேனாவை மூடி, மீண்டும் திறந்து, அதை அடித்துவிட்டு, ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதினார். என் முதலாண்டில் நானும் அதே படிவத்தில் அதே இரண்டு சொற்களைத்தான் எழுதினேன். சான்று இணைக்கவில்லை என்று படிவம் அப்போதே என்னிடம் திரும்பி வந்தது. மறுபடி அந்த வாசலை மிதிக்க எனக்குப் பத்து நாட்கள் ஆயின. சான்றைப் பின்னர் கொடுக்கலாம் என்ற விதி அன்றும் இருந்திருக்கிறது என்பதை இந்த வாரம்தான் அறிந்தேன். புதன்கிழமை அந்த மாணவரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொன்னேன்.

அமெரிக்கக் கல்வி மன்றம் 1937-இல் வெளியிட்ட அறிக்கை, மாணவரைப் படிப்பைக் கொண்டு மட்டும் அளக்காமல் முழு மனிதராகக் கருதுவது கல்வி நிறுவனத்தின் கடமை என்று கூறியது. மாணவர் நலத் துறையின் அடித்தளமாக இன்றும் அதையே குறிப்பிடுகிறார்கள். புதிய சூழலுக்குள் நுழைபவருக்குத் தான் ஓரத்தில் நிற்பதாகத் தோன்றும் என்றும், யாரோ ஒருவருக்காவது தான் முக்கியம் என்ற உணர்வே அவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் அமெரிக்க ஆலோசனைத் துறைப் பேராசிரியர் நான்சி ஷ்லாஸ்பெர்க் 1989-இல் எழுதினார். ஒன்றரை வரி இடத்தின் முன் பேனாவோடு தயங்கும் கையைப் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்த மாணவர் பிறகு சொன்னவற்றை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. கட்டணத்தோடு முடியும் சிக்கல் அல்ல என்பது மட்டும் புரிந்தது. உடனே ஆறுதல் சொல்லவும், அறிவுரை கூறவும், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவும் என் நாக்கு துடித்தது. அந்த வாக்கை மட்டும் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும், அப்போது வாக்கும் உடையும், நம்பிக்கையும் உடையும். எனவே உளவியல் ஆலோசகரைப் பார்க்க விருப்பமா என்று மட்டும் கேட்டேன். அவர் தலையசைத்ததும், மாடியில் எந்த அறை என்று வழி சொல்லி அனுப்பாமல், கூடவே நடந்து சென்று ஆலோசகரிடம் அறிமுகப்படுத்திவிட்டுத் திரும்பினேன். நாற்பது படிகள்கூட இருக்காது. தனியாக அனுப்பியிருந்தால் அவர் ஏறியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. நானாக இருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

அந்த வரிசையில் நின்ற நினைவு மங்காமல் இருப்பதுதான் இன்டர்ன் இந்த அலுவலகத்துக்குக் கொண்டுவரும் தகுதி என்று நினைக்கிறேன். அதை சுவரொட்டி ஒட்டுவதில் மட்டும் செலவழித்துவிடக் கூடாது. ‘காரணம்’ பகுதியைப் பெரிதாக்கி, ‘சான்றைப் பின்னர் இணைக்கலாம்’ என்ற வரியை அதன் கீழேயே அச்சிடலாமே என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். மாதிரிப் படிவம் ஒன்றைத் தயாரித்து வரச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.