சீனி எப்படி ரன் அவுட் ஆகும்?

ஓ.எல். பரீட்சை எடுக்கப்போகிற பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியை ஒருக்கா வாங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து, அவ்வளவுதான். அதிலும் சின்னச் சொற்களைக் காணக் கிடைக்காது. 'மேக்னிஃபிசன்ட்', 'என்வைரன்மென்டல்' என்று நாக்குச் சுளுக்குகிற சொற்களுக்குத்தான் அங்கே மரியாதை. 'ரன்' எல்லாம் சின்ன வகுப்பிலேயே படித்து முடித்த சொல். ரன் என்றால் ஓடு. முடிஞ்சுது.

எனக்கு இந்தப் பழக்கத்தில் துளியும் உடன்பாடில்லை. நம் பிள்ளைகளை ஆங்கிலத்தில் விழுத்துவது பெரிய சொற்கள் இல்லை. இந்த 'ரன்', 'செட்', 'கெட்', 'டேக்', 'புட்' கூட்டம்தான்.

தங்கச்சியின் மகள் ஒரு நாள் பயிற்சித்தாளோடு வந்தாள். 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்று ஒரு வசனம். "மாமா, ரன் அவுட் எண்டா விக்கெட் போறதுதானே? சீனி எப்பிடி ரன் அவுட் ஆகும்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்ததுதான். ஆனால் கேள்வியில் பிழை இல்லை. அவளுக்குத் தெரிந்த ரன் அவுட் அது ஒன்றுதான். சீனி முடிஞ்சு போச்சு என்பதற்கும் ஆங்கிலேயன் அதே இரண்டு சொல்லைப் பிடித்துக்கொள்வான் என்று கொப்பியில் எங்கே இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதிக்காரரே இந்த 'ரன்'னிடம் பட்டபாடு கொஞ்சமில்லை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு 'செட்' என்ற வினைக்குத்தான். 430 பொருள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம். பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்திக்கொண்டு போனபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு சுமார் 9 மாதம் மல்லுக்கட்டினாராம். ஆறும் ஆளும் ஓடிய காலத்துச் சொல்தான். இயந்திரம் வந்தது, ரயில் வந்தது, கடைசியில் கம்பியூட்டர் புரோகிராமும் வந்தது. எல்லாம் 'ரன்' என்றே ஓடின.

645 என்றதும் பயந்துவிட வேண்டாம். அகராதிக்காரர் ஒவ்வொரு சின்ன வித்தியாசத்தையும் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். அதில் கணிசமானதை நாம் ஏற்கெனவே தமிழில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பஸ் ஓடுது. வாய்க்காலில் தண்ணி ஓடுது. தடிமன் பிடித்தால் மூக்கால ஓடுது. "கடை எப்பிடி?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்கிறோம். இந்தியாவில் கார் ஓட்டுவார்கள், நாம் கார் ஓடுவோம். படுவான்கரைப் பக்கம் உழவுக் காலத்தில் "மெசின் ஓடுதில்ல" என்றால் எஞ்சினில் கோளாறு, "மெசின் ஓட ஆள் இல்ல" என்றால் டிரைவர் வரவில்லை. மெசினும் ஓடும், அதை ஓடுகிறவனும் ஓடுவான். ஆங்கிலத்திலும் அதே கதைதான். கடையும் ரன் பண்ணும், முதலாளி கடையையும் ரன் பண்ணுவார். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட லேசாக வேறு யாருக்கு இது விளங்கும்? ஆனால் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் கண்டதில்லை.

இரண்டும் பிரிகிற இடங்களைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். மட்டக்களப்பு–கல்முனை வீதி கரையோரமாகப் போகுது என்போம், ஆங்கிலத்தில் வீதியும் ரன் பண்ணும். நமக்குச் சேலையில் சாயம் போகும், அவர்களுக்குச் சாயம் ரன் பண்ணும். காய்ச்சல் காயுது என்பதற்கும் ரன் வரும். "சீனி வருத்தம் அவங்கட பரம்பரையில இருக்கு" என்பதற்கும் ரன் வரும்.

கிரிக்கெட்டில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார். அதில் 13 பவுண்டரி. ஆக 52 ரன்னுக்கு அவர் ஓடவே தேவையில்லை. ஆனாலும் அது ரன்தான். நம்முடைய பேப்பர்காரரும் கூசாமல் 'ஓட்டங்கள்' என்றே போடுவார்கள். சொல்லின் பொருள் காலை விட்டுப் போய்விட்டது, யாரும் கவலைப்படவில்லை.

எனக்கு ஆகப் பிடித்தது தேர்தல். பிரித்தானியாவில் வேட்பாளர் தேர்தலுக்கு 'ஸ்டேண்ட்' பண்ணுவார், அதாவது நிற்பார். அமெரிக்காவில் அதே ஆள் 'ரன்' பண்ணுவார். நமக்கு "இந்த முறை ஆரு நிக்கிற?" என்று கேட்டுத்தான் பழக்கம், "எலெக்சன் கேக்கிறார்" என்றும் சொல்வோம். ஒரே வேலைக்கு ஒருத்தர் நிற்கிறார், ஒருத்தர் ஓடுகிறார், நம்மாள் கேட்கிறார். வென்ற பிறகு எங்கே நிற்கிறார், எங்கே ஓடுகிறார் என்பது வேறு பதிவு.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை. ஏ.எல்.லில் பொது ஆங்கிலத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் வராது. ஆகவே பிள்ளைகள் அதைத் தொடுவதேயில்லை. பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ படிக்கப் போனதும் விரிவுரை ஆங்கிலத்தில். அங்கே டெஸ்ட்டை ரன் பண்ணச் சொல்வார்கள், புரோகிராமை ரன் பண்ணச் சொல்வார்கள், நோட்ஸை ஒருக்கா ரன் த்ரூ பண்ணச் சொல்வார்கள். கொப்பியில் பாடமாக்கிய 'மேக்னிஃபிசன்ட்' அங்கே ஒரு நாளும் கைகொடுக்காது. ஸ்போக்கன் கிளாசுக்குக் காசு கட்டுகிற பெற்றோர் அடுத்த முறை ஒன்று கேளுங்கள்: எத்தனை சொல் தருவீர்கள் என்று கேட்காமல், ஒரு சொல்லுக்கு எத்தனை வசனம் தருவீர்கள் என்று கேளுங்கள்.

நான் செய்து பார்த்தது சின்ன விசயம்தான். மருமகளின் கொப்பியில் நடுக்கோட்டை விட்டுவிட்டு 'ரன்'னுக்கு முழுப் பக்கம் ஒதுக்கச் சொன்னேன். மேலே 'ஓடு' பொருந்துகிற வசனங்கள், கீழே பொருந்தாதவை. கீழ்ப்பக்கம் நிறைய நிறைய அவளே கதைப்புத்தகத்தில் தேட ஆரம்பித்துவிட்டாள். டிக்சனரி பார்த்தாலும் கருத்தோடு நிற்காமல் உதாரண வசனத்தையும் வாசிக்கிறாள்.

டீச்சர்மார் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "சிலபஸ் முடிக்கவே நேரம் காணாது சேர், ஒரு சொல்லுக்கு ஒரு பாடமா?" என்பார்கள். நியாயம். 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்' என்று அதையே போர்டில் எழுதிப் போடுங்கள் டீச்சர், அன்றைய பாடம் அதுதான்.