கரடி இறைச்சியை உறைய வைத்தால் புழு செத்துவிடுமா?

"வேட்டையாடிய கரடி இறைச்சியை ஒரு மாதம் ஃப்ரீசரில் வைத்தால் போதும், புழுக்கள் செத்துவிடும், அப்புறம் எப்படிச் சமைத்தாலும் பயமில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

பன்றி இறைச்சியில் பொதுவாகக் காணப்படும் டிரிக்கினெல்லா ஸ்பைராலிஸ் புழு உறைநிலையில் சாகும். கரடியில் இருக்கும் டிரிக்கினெல்லா நேட்டிவா சாகாது. கடுங்குளிர்ப் பகுதிகளில் வாழப் பழகிய இனம் அது.

2022-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடி உண்ட விருந்தே சாட்சி. கனடாவின் சஸ்காச்சுவானில் வேட்டையாடிய கருங்கரடியின் இறைச்சி, 45 நாள் உறைய வைத்தது. கெபாப் செய்தார்கள். இறைச்சியே கருநிறம் என்பதால் வேகவில்லை என்பது முதலில் தெரியவில்லை. 6 பேருக்கு டிரிக்கினெல்லா தொற்று. அவர்களில் 2 பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதோடு சேர்த்து வெந்த காய்கறியைத்தான் சாப்பிட்டார்கள்!

புகைபோடுவது, உப்புக்கண்டம் போடுவது, மைக்ரோவேவ் எதையும் நம்பாதீர்கள். நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். வெப்பமானியைத் துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள்: குறைந்தது 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். பச்சை இறைச்சியையும் காய்கறியையும் தனித்தனியே வையுங்கள்.