ஃபீல்டில் தெரிந்தது ஆபீசுக்கு ஏன் வருவதில்லை?

தாராவியில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனங்களில் ஒரு திட்டம் பிசகினால் எல்லோரும் முதலில் சொல்வது, "ஃபண்ட் பத்தலை." பத்தாதது உண்மைதான். ஆனால் கையில் இருக்கிற பணத்துக்கே வேலை ஒழுங்காக நடக்காமல் போவது ஏன்? சந்துக்குள் இறங்கி வேலை பார்க்கிறவருக்குத் தெரிந்த விஷயம் திட்டம் போடுகிறவர் காதுக்கு எட்டுவதில்லை. என் கருத்தில் இதுதான் பெரிய ஓட்டை.

பேஸ்லைன் சர்வேயை, அதாவது திட்டம் தொடங்கும் முன் நிலவரம் தெரிய எடுக்கும் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், அவற்றின் ஏப்ரல்–மார்ச் கணக்கோடு ஓடுவது. ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானால் சர்வே மே மாதத்தில் வந்து நிற்கும். மே மாதம் தாராவித் தமிழ்க் குடும்பங்கள் பல, பள்ளிக்கூட லீவு, கோயில் கொடை, கல்யாணம் என்று திருநெல்வேலிப் பக்கம் ரயிலேறிவிடும். கதவில் பூட்டு. டார்கெட் 400 வீடு என்று வைத்துக்கொள்வோம். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் எடுத்து எண்ணிக்கையை நிரப்புவார்கள். அது டிக்கெட்டுக்குக் காசில்லாமல் தங்கிவிட்ட வீடாக இருக்கலாம், போன மாதம் வாடகைக்கு வந்த வீடாக இருக்கலாம். மார்ச்சில், திட்டம் முடியும்போது, எண்ட்லைன் சர்வே எடுக்கையில் ஊருக்குப் போனவர்கள் எல்லாம் இங்கே இருப்பார்கள். முன்னால் கேட்டது ஒரு கூட்டத்தை, பின்னால் கேட்பது வேறொரு கூட்டத்தை. திட்டத்தால் பலன் உண்டா இல்லையா என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. மே மாதம் பூட்டிக் கிடக்கும் என்பது அந்தச் சந்தில் நடமாடும் ஃபீல்டு அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தேதி குறிக்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜூன் நடுவில், பள்ளி திறந்த பிறகு தொடங்கியிருக்கலாம்.

அடுத்தது மொழி. அக்கா வீட்டில் பேசுவது தமிழ், ஃபார்ம் இந்தியில், பணம் தரும் டோனருக்குப் போவது இங்கிலீஷ். மூன்று கை மாறும்போது எண் மட்டும் தப்பிப் பிழைக்கிறது, காரணம் உதிர்ந்துவிடுகிறது. "30 பேரைக் கூப்பிட்டோம், 12 பேர் வந்தாங்க. தண்ணி லேட்டா வந்துச்சு, குடத்தை விட்டுட்டு எப்படி வருவாங்க" என்று அவர் சொன்னது, அறிக்கையில் வெறும் 12 ஆகிவிடும். அதைப் பார்த்து ஆபீஸ் எடுக்கும் முடிவு: இன்னும் நல்ல பேனர் அடிக்கலாம். மாற்ற வேண்டியது கூட்டத்தின் நேரத்தை.

கேள்வித்தாளிலும் இதே கதைதான். "உங்களுக்கு ரத்தசோகை உள்ளதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். "ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னாங்களா? மாத்திரை குடுத்தாங்களா?" என்று கேட்டால்தான் சயான் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். கேள்விகளை மொழிபெயர்த்ததும், மூலத்தைப் பார்க்காத ஒருவரை வைத்துத் திரும்ப இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். எங்கே பொருள் மாறியது என்று உடனே தெரியும். பிறகு பத்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பணத்தில் நடப்பது இன்னும் வருத்தம். அக்கவுண்ட்ஸ் தனி மேசை, புரோகிராம் தனி மேசை. பாதிப் பணம் செலவாகவில்லை என்பது பிப்ரவரியில்தான் தெரியவரும். உடனே மார்ச்சில் அவசர அவசரமாக கிட் வாங்கி விநியோகம். அதற்கு அவசியமே இல்லை. 2021 முதல், தொடரும் திட்டத்தில் மிஞ்சிய சிஎஸ்ஆர் தொகையைக் கம்பெனி ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க சட்டம் வழி தருகிறது. ஆனால் கம்பெனியிடம் முன்கூட்டியே, நவம்பர் டிசம்பரிலேயே சொல்ல வேண்டும். மாதாமாதம் 10ஆம் தேதிக்குள் பட்ஜெட்–செலவு தாள் ஒரே பக்கமாகக் கோஆர்டினேட்டர் கைக்கு வந்தால் இது தானாக நடக்கும். வெளிநாட்டு நிதி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. யார் எந்த வேலைக்காக எங்கே போனார் என்று புரோகிராம் ஆட்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், அக்கவுண்டன்ட் எல்லாவற்றையும் நிர்வாகத்தில் போட்டுவிடுவார்.

செய்ய வேண்டியது பெரிய சாஃப்ட்வேர் வாங்குவது இல்லை. வாரம் ஒரு முறை, 30 நிமிஷம், எல்லோரும் பேசும் மொழியில் ஒரு மீட்டிங். ஃபீல்டில் இருப்பவர் முதலில் பேசட்டும், மேனேஜர் கடைசியில் பேசட்டும். மேனேஜர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார்கள். ஒரு நோட்டில் மூன்றே பத்தி: என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். அடுத்த வாரம் அந்த நோட்டைத் திறந்துதான் மீட்டிங் தொடங்க வேண்டும். டார்கெட்டுக்குக் கீழே விழுந்த எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம், சொன்னவர் சொன்ன தமிழிலேயே. எழுதத் தயங்குகிறவரிடம் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் வாங்கி ஆபீசில் டைப் செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் அறிவிப்புக்குத் தனி குரூப், அட்மின் மட்டும் போடுவது. குட்மார்னிங் படங்களுக்கு நடுவே கேம்ப் தேதி மாறிய செய்தி புதைந்து போகக் கூடாது. பயனாளிகளின் ஆதார், ரிப்போர்ட் படங்களை எந்த குரூப்பிலும் போடவே கூடாது.

இத்தனையும் செய்தாலும், குறையைச் சொன்ன அக்காவுக்கு மீட்டிங்கில் திட்டு விழுந்தால் அடுத்த வாரத்திலிருந்து "எல்லாம் நல்லா போகுது சார்" என்றுதான் வரும். அவர் வேலையே வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். பயம் இல்லாமல் எப்படி இருக்கும்? அவர் சொன்ன பிரச்சினைக்கு இரண்டு நாளுக்குள் ஒரு பதில் கொடுங்கள். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான்.