ரஷ்டன் முக்கோண வீடு: இலுமினாட்டி கட்டியதா?

"இங்கிலாந்தில் இலுமினாட்டிகள் கட்டிய ரகசியக் கோயில்" என்று ஒரு முக்கோணக் கட்டடத்தின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. படம் நிஜம்தான், கதைதான் தப்பு. அது நார்தாம்ப்டன்ஷயரில் சர் தாமஸ் ட்ரெஷாம் தன் எஸ்டேட்டில் 1593-97இல் கட்டிய சிறிய வீடு. இலுமினாட்டி அமைப்பு தொடங்கியதே 1776இல், அதுவும் பவேரியாவில்!

சரி, ஏன் முக்கோணம்? மூன்று சுவர், மூன்று தளம், பக்கத்துக்கு மூன்று முகடு, சுவர் ஒவ்வொன்றும் சுமார் 33 அடி. எல்லாமே கிறிஸ்தவர்களின் மூவொரு கடவுளை (தந்தை, மகன், தூய ஆவி) குறிப்பவை. அன்றைய புராட்டஸ்டன்ட் ஆட்சியில் கத்தோலிக்கராக இருந்ததற்காகப் பல ஆண்டு காவலில் கிடந்த ட்ரெஷாம், தன் நம்பிக்கையைக் கல்லில் எழுதினார். வாசலுக்கு மேலே லத்தீனில் 'மூவர் சாட்சி சொல்கிறார்கள்' என்றிருக்கிறது. 'ட்ரெஸ்' என்றால் மூன்று. அவர் பெயரும் அப்படித்தான் தொடங்குகிறது. குறும்புக்காரர்தான்.

அப்புறம், அது கோயிலும் இல்லை. எஸ்டேட்டில் முயல் வளர்ப்பைப் பார்த்துக்கொண்டவருக்கான வீடு.