‘டிக்’ சத்தம் வந்தாலே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம்

மாதக்கணக்கில் நிறுத்திய பழைய கார், சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று மட்டும் சத்தம் போட்டால் புது பேட்டரிதான் வழி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பேட்டரியும் காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மண்டபம், தொண்டி, ஏர்வாடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் எர்த் வயர் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் வயர்) சேரும் இடம் துருப்பிடித்தாலும் இதே சத்தம்தான் வரும். மேலே பளபளவென்று இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் பச்சையும் பழுப்புமாகப் பூத்திருக்கும். லைட் எரிய அந்தத் தொடர்பு போதும், இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியருக்குப் போதாது.

மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சும்மா நிற்கும்போது பேட்டரியில் 12.4க்கு மேல் இருந்தால் சார்ஜ் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பட்டும். அந்த நேரத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் (வயரைப் பிடிக்கும் கிளாம்ப் அல்ல, ஈய முனையிலேயே வையுங்கள்) இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்புக்கும் இடையே பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான்.

நெகட்டிவை முதலில் கழற்றி, எர்த் வயரின் இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு, மேலே வாசலின் பூசுங்கள். சாவியைத் திருப்பும்போது மறுபடி அளந்தும் பேட்டரி முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரி மாற்றுங்கள்.