சலுகை வேறு, காணி உறுதி வேறு

"வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அரசு சலுகை கொடுத்தால் காணி அவர்களுக்கே சொந்தம், வரியும் என்றைக்கும் இல்லை" என்று ஒரு குரல்பதிவு கல்முனையிலிருந்து ஏறாவூர் வரை வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைக் கேட்டுவிட்டு என் மாமி அலுமாரியைத் திறந்து, தன் வயல்காணி உறுதியை எடுத்துப் பார்த்தா. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் செய்தி பிழை.

இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கோ, 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனிக்கோ காணியை உறுதி எழுதிக் கொடுக்க முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி குத்தகைதான், அதுவும் கூடியது 99 வருடம்.

வரிக்கும் எல்லை இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டத்தின் கீழ், நாட்டுக்கு முக்கியம் என்று அரசு கருதும் பெரிய திட்டங்களுக்குக் கிடைக்கும் வரி விலக்கு 25 வருடத்தைத் தாண்டாது. அதற்கும் வர்த்தமானி அறிவித்தல், அமைச்சரவை, பாராளுமன்றம் என்று மூன்று படி ஏற வேண்டும்.

சரி, அப்படியென்றால் காணி வெளியார் கையில் இருப்பதால் வரும் பாதுகாப்புக் கவலை வீணா? இல்லவே இல்லை. 99 வருடம் என்பது மூன்று தலைமுறை. கடலோரக் காணியில் யார் இருக்கப்போகிறார்கள், கம்பெனியின் பங்கு யார் கையில் என்று கேட்கத்தான் வேண்டும். பாராளுமன்றத்துக்கு வரும் திட்டமென்றால், வாக்கெடுப்புக்கு முன்பே நம் உறுப்பினரிடம் கேளுங்கள். மாமிக்கும் இதைத்தான் சொன்னேன். உறுதியை மடித்து உள்ளே வைத்தா.