கழுத்துக்குள் கம்பி

ரகு: (போனில்) கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. உள்ளே இருக்கிற கம்பியைக் கால் சுற்று முறுக்கினால் நிமிர்ந்துவிடுமாம்.

அத்தை: யாருக்கடா? எந்த ஆஸ்பத்திரி?

ரகு: ஆஸ்பத்திரி இல்லை அத்தை, கடையில் சொன்னார்கள். நானே முறுக்கிவிடுவேன், சாவி கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எலும்பு வைக்க வேண்டும். 900 ரூபாய்.

அத்தை: எலும்பு 900 ரூபாய்தானா! என் முழங்காலுக்கு லட்சக்கணக்கில் கேட்டார்களே!

ரகு: என் எலெக்ட்ரிக் கிடாருக்கு, அத்தை. கழுத்தின் மேல்முனையில் ஆறு தந்தியும் பதிந்து நிற்குமே, அந்தச் சின்னத் துண்டு. உங்கள் வீணையில்கூட...

அத்தை: வீணையை இதில் இழுக்காதே. கிடார் என்ன விலை?

ரகு: 14,000.

அத்தை: சிகிச்சைச் செலவு?

ரகு: டியூனிங் கீ, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற உங்கள் பிரடை, 3,500. பிக்கப் 8,000. இப்போது எலும்பு.

அத்தை: இன்னும் 1,600 போட்டால் இன்னொரு கிடாரே வாங்கலாம். பிக்கப் என்றால்?

ரகு: காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். பழையது ஒற்றைச் சுருள். டியூப் லைட் பக்கம் போனாலே உறுமும். புதியது இரட்டைச் சுருள். இரண்டும் எதிரெதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும்.

அத்தை: உன் அப்பாவும் சித்தப்பாவும் அடித்துக்கொண்டால் இரைச்சல் கூடத்தானே செய்கிறது? கொண்டுவா அதை. (தந்தியை நீவிவிட்டு) என் விரலில் இது என்ன, செம்மண் கோடு?

ரகு: கொஞ்சம் துரு.

அத்தை: தந்தி எப்போது மாற்றினாய்?

ரகு: கடையில் போட்டுத் தந்ததுதான். போன தீபாவளிக்கு... முந்தைய தீபாவளி.

அத்தை: புதுத் தந்தி என்ன விலை?

ரகு: ஆறும் சேர்த்து 600 இருக்கும்.

அத்தை: நாடியே இல்லாத நோயாளிக்கு எலும்பு மாற்று சிகிச்சை!

ரகு: ராக் கிடார் மேதை எட்டி வான் ஹேலனே 50 டாலருக்கு உடலும் 80 டாலருக்குக் கழுத்தும் வாங்கிச் சேர்த்தவர்தான்.

அத்தை: தனித்தனியாகவா விற்கிறார்கள்? எந்த ஆஸ்பத்...

ரகு: அத்தை!

அத்தை: சேர்த்த பிறகு வாசித்தாரா?

ரகு: உலகமே கேட்டது.

அத்தை: நேற்று இரவு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாய். சாதகம் செய்கிறான் என்று நினைத்தேன்.

ரகு: பிக்கப் ஒப்பீட்டு வீடியோ பார்த்தேன். எட்டு பிக்கப்.

அத்தை: என்ன தெரிந்தது?

ரகு: போன் ஸ்பீக்கரில் எட்டும் ஒரே மாதிரி கேட்டன.

அத்தை: என் வீணைக்கு, தந்தியை அழுத்த மெழுகில் பதித்த 24 மெட்டு. மெழுகு தளர்ந்தால் மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளை மறுபடி பதித்துத் தருகிறவரைக் கூப்பிடுகிறேன். தந்தி கறுத்தால் மாற்றுகிறேன். 40 வருடமாக வேறொன்றும் செய்ததில்லை. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிலும் முதல் பாடமான சரளி வரிசையைத் தாண்டாதவர்கள்தான் புது வீணை விலையை விசாரிக்கிறார்கள். கீர்த்தனைக்கு வந்தவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

(மறுநாள்.)

ரகு: தந்தி மாற்றிவிட்டேன் அத்தை. ஆனால் சுருதி நிற்கவில்லை. டியூனிங் கீ இன்னும் கொஞ்சம் உயர்ந்த ரகமாக...

அத்தை: கையை எடு. புதுத் தந்தி இழுபடத்தான் செய்யும். ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு மறுபடி சேர்.

(நான்கு முறை இழுத்து நான்கு முறை சேர்க்கிறான்.)

ரகு: நிற்கிறது!

அத்தை: வாசி.

ரகு: நின்றுகொண்டு வாசித்தால்தான் கை சரியாக வரும். தோளில் மாட்ட ஒரு வார் மட்டும் வாங்கிவிட்டால்... 1,200தான். அசல் தோல்.

அத்தை: கழுத்து, எலும்பு... இப்போது தோலா!